அங்கத்தினருக்கு வேண்டிய கல்வி எது?

நமது விருதுநகர் மாவட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகள் உண்டு. இரண்டும் உண்மையே, ஆயினும் ஒன்றோடொன்று பொருந்தாதவை போலத் தோன்றும். அரசுப் பொதுத் தேர்வுகளில் இம்மாவட்டத்து மாணாக்கர் பல ஆண்டுகள் தமிழ்நாட்டின் முதன்மை வரிசையில் நின்றிருக்கின்றனர் என்பது ஒன்று. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு, வளர்ச்சியில் முன்னேற வேண்டிய மாவட்டங்களை நாடெங்கிலுமிருந்து பொறுக்கியெடுத்துப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே. நமது விருதுநகரும், 1985 வரையில் நாம் ஒரு பகுதியாக இருந்த இராமநாதபுரமும் என்பது மற்றொன்று. தேர்விலே முந்தி நிற்கும் சீமை வாழ்விலே பிந்தி நிற்பானேன்? மழைக்குறைவு, கண்மாய்கள் தூர்ந்துபோதல், நூல் விலையின் ஏற்ற இறக்கம் எனக் காரணங்கள் பல கூறுவர். அவை மெய்யே. அவற்றோடு, கல்வியைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணத்தையும் சேர்த்து ஆராய வேண்டும் என்பது என் கருத்து.

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகளில், பையன் படித்துவிட்டான் என்று ஒருவர் சொன்னால், அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான் அல்லது போகப் போகிறான் என்று பொருள். படிப்பு ஏறவில்லை என்று சொன்னால், தறிக்குழியில் இறங்கிவிட்டான் அல்லது மிளகாய்க் காட்டுக்குப் போகிறான் என்று பொருள். அதாவது கல்வி என்பது தொழிலை விட்டு வெளியேறும் வாயில் என்றும், வெளியேறாதவனுக்கு அது தேவையில்லை என்றும் நாம் தீர்மானித்துவிட்டோம். வெளியேறுவோரை நான் குறைகூறவில்லை. வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் சம்பளத்தை நாடுவது இயற்கையே. ஆனால் ஊரிலேயே தங்கி, தறியையும் நிலத்தையும் நம்பி வாழ்கிறவர்கள்தாம் நம் சங்கங்களின் அங்கத்தினர்கள். அவர்களுக்கு எவ்விதக் கல்வி பயன்படும் என்பதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

ஒரு நெசவாளர் சங்கத்தில் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது கண்டதை இங்கே குறிப்பிடலாம். அறுபதை நெருங்கும் நெசவாளர் ஒருவர் தம் சேமிப்புப் புத்தகத்தில் ஒரு மாதம் விடுபட்டிருக்கிறது என்று முறையிட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உடன் வந்திருந்த அவர் மகன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவன். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்த மகன், "சரியாகத்தான் இருக்கும், வாங்கப்பா போகலாம்" என்றான். பெரியவர் நகரவில்லை. மடியிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்தார். சங்கத்தில் கொடுத்த ஒவ்வொரு சேலைக்கும் ஒரு முடிச்சு. மாதம் முடிந்தால் பெரிய முடிச்சு. முடிச்சுகளை எண்ணிக்காட்டி, இன்ன மாதத்தின் பிடித்தம் ஏறவில்லை என்று உறுதியாகச் சொன்னார். கூலிப் பட்டியலை எடுத்து ஒத்துப் பார்த்தபோது அவர் சொன்னதே சரியாக இருந்தது. பதிவு விடுபட்டிருந்தது, பின்னர்த் திருத்தப்பட்டது.

அந்தத் திட்டத்தின் கணக்கு ஒன்றும் கடினமானதன்று. நெசவாளர் ஈட்டும் கூலியில் ரூபாய்க்கு 8 காசு அவர் செலுத்துகிறார். அதற்கு 4 காசு அரசு சேர்க்கிறது. மாதக் கூலி 6,000 ரூபாயாயின், அவர் பங்கு 480, அரசின் பங்கு 240, ஆக 720 ரூபாய் அவர் பெயரில் ஏற வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். பட்டம் பெற்ற மகனுக்குப் பெருக்கல் தெரியாமலில்லை. தன் தகப்பனாரின் புத்தகத்தில் பெருக்கிப் பார்க்கத் தக்கது எதுவும் இருக்கும் என்று அவனுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பெரியவருக்கோ சந்தேகிக்கும் அறிவு இருந்தது, எழுத்து இல்லை. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருப்பதையே நான் நல்ல கல்வி என்கிறேன். பட்டதாரியாகிய நான் பட்டத்தை இகழ்வதாக எண்ண வேண்டா. பட்டம் இதைச் செய்யவில்லை என்று மட்டுமே கூறுகிறேன்.

அப்படியானால் பள்ளியில் தொழிலையே கற்பித்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி நமது மாநிலத்துக்குப் புதிதன்று. 1953ஆம் ஆண்டில் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மிஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றொரு திட்டம் கொண்டுவரப்பட்டது. எதிர்த்தவர்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் மட்டுமன்றி, ஆளுங் காங்கிரசிலேயே பலரும் அதனை ஒப்பவில்லை. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிக்கட்டடமும் ஆசிரியரும் போதாத காலத்தில் அதிகப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு அது வழி என்று ஆதரித்தோர் வாதிட்டனர். அவர்களுடைய நோக்கத்தைப் பற்றி வழக்காடுவது இங்கே நம் வேலையன்று. ஆனால் நெசவாளர் வீட்டை அறிந்த எவருக்கும் அதன் பிழை விளங்கும். தார் சுற்றவும், அறுந்த இழையைப் பிணைக்கவும், பாவு போடும்போது கூட நடக்கவும் எந்தப் பிள்ளைக்கும் அரசு ஆணையிட்டுக் கற்பிக்க வேண்டியதில்லை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவன் அதைப் பார்க்கிறான். தறி கற்பிக்கக்கூடியதைத் தறியே கற்பித்துவிடும். தறி கற்பிக்க இயலாதது ஏட்டிலே எழுதியிருக்கும் கணக்கும், சட்டமும், சந்தையுமாகும். பள்ளிக்கூடம் கொடுக்க வேண்டியது அதுவே. அதற்குரிய மணி நேரத்தைக் குறைத்து, வீட்டில் தானாகக் கிடைப்பதை மிகுவிப்பது நெசவாளனின் கண்ணைக் கட்டிக் கையை மட்டும் விடுவதாகும்.

இன்று நாம் அதற்கு நேர்மாறான பிழையில் விழுந்திருக்கிறோம். பிள்ளை பள்ளியில் முழு நாளும் இருக்கிறான். அங்கே கற்கும் கணக்குக்கும் வீட்டிலுள்ள தறிக்கும் உறவே இல்லை. 60ஆம் நம்பர் நூல் என்றால் என்ன என்று நெசவாளரின் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். ஒரு சிட்டாவின் நீளம் 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் இத்தகைய சிட்டா 60 இருந்தால் அது 60ஆம் நம்பர். 3,000 இழைகளும் 30 கெஜம் நீளமும் கொண்ட பாவுக்கு 90,000 கெஜம் நூல் வேண்டும். சிட்டாவில் 107க்குச் சற்று மேல். எடையில் ஏறத்தாழ 810 கிராம். சேதாரம் தனி. பின்னமும் பெருக்கலும் வகுத்தலும் ஆகிய மூன்றும் இந்த ஒரு கணக்கில் அடங்கியுள்ளன. சங்கமாயினும் தனி முதலாளியாயினும் நூலை நிறுத்துக் கொடுத்துத் துணியை நிறுத்து வாங்கும் இடத்தில், எடை குறைந்தால் கூலியில் கைவைக்கிறார்கள். குறைவு தன் கையால் நேர்ந்ததா, கொடுத்த நூலே நம்பர் மாறியதா என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே வாய் உண்டு.

விவசாய அங்கத்தினருக்கும் இதுவே நிலை. பயிர்க்கடனை உரிய தேதிக்குள் திருப்பிச் செலுத்துவோருக்குத் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. தேதி தவறினால் உண்டு. ஆண்டுக்கு 7 சதவீதம் என்று கொண்டாலும், 50,000 ரூபாய்க்கு 3,500 ரூபாய். கடன் பத்திரத்தில் ஒரு தேதியைப் படித்து நினைவில் வைப்பதன் விலை அது. பயிர்க் காப்பீட்டிலோ இதைவிடக் கொடிய இழப்புகள் நேர்கின்றன. 2016இல் வந்த திட்டப்படி சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதமும், மிளகாய் போன்ற தோட்டக்கலைப் பயிருக்கு 5 சதவீதம் வரையிலும் விவசாயி செலுத்துகிறார். பணம் கட்டிய ரசீது பத்திரமாகப் பெட்டியில் இருக்கும். அதில் சர்வே எண்ணோ, பயிரின் பெயரோ, வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கமோ மாறியிருக்கும். கட்டிய அன்றே படித்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். மழை பொய்த்து, இழப்பீடு ஊருக்கெல்லாம் வந்து தமக்கு மட்டும் வராதபோது வந்து நின்றால், எந்த அலுவலராலும் எளிதில் உதவ முடிவதில்லை. கிருதுமால் நதியில் நீர் வருவது நம் கையில் இல்லை. ரசீதைப் படிப்பது நம் கையில் இருக்கிறது.

இவ்விஷயத்தைப் பேசத் தொடங்கினாலே ஒருவர் எழுந்து, "காமராசர் என்ன படித்தார்? முதலமைச்சராக இருந்து ஆளவில்லையா?" என்று கேட்பது நம் பக்கத்து வழக்கம். இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சினம் வருகிறது. விருதுநகரில் பிறந்த அப்பெருமகனார் இளமையிலேயே பள்ளியை விட நேர்ந்தது உண்மை. ஆனால் படிப்பு வேண்டியதில்லை என்று அவர் முடிவு செய்தாரா? மூடிய பள்ளிகளைத் திறந்தார். பள்ளியில்லா ஊர்களுக்குப் பள்ளி கொடுத்தார். 1956இல் மதிய உணவு கொடுத்துப் பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்தார். தமக்குக் கிட்டாததன் அருமையை அவரைவிட அறிந்தவர் இலர். அவர் பெயரைப் படியாமைக்குச் சாட்சியாக இழுப்பது நன்றி கெட்ட செயல்.

அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலையின் வரலாற்றையும் கூட்டுறவாளர் கவனிக்க வேண்டும். அரசு கட்டிக் கொடுத்த பள்ளியன்று அது. ஊரார் வணிகத்தில் மகமை என்று ஒரு சிறு பங்கை எடுத்து வைத்தும், வீடுதோறும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கியும் நடத்திய பள்ளி. ஏன் அவ்வளவு அக்கறை? பேரேடு எழுதத் தெரியாதவன் வணிகத்தில் நிலைக்க முடியாது என்று வணிகர்க்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. அவர்களிடம் பருத்தியும் மிளகாயும் கொண்டுபோய் இறக்கிய நம் கரிசல்காட்டு விவசாயிக்கோ, எதிராளி எழுதும் பேரேட்டைப் படிக்க வேண்டுமென்ற எண்ணமே தோன்றவில்லை. ஒருவன் எழுதுவான், மற்றவன் பெருவிரலை ஒற்றுவான் என்ற ஏற்பாட்டில், எழுதுகிறவன் நல்லவனாகவே இருந்தாலும், ஒற்றுகிறவன் சமமானவன் ஆகமாட்டான்.

கூட்டுறவின் முன்னோடிகளும் இதனை உணர்ந்தே இருந்தனர். இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் கூடி 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். கம்பளித் துணி நெய்வோரும் அவர்களில் இருந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு முதலியவற்றை விற்ற அக்கடை சற்றே வேரூன்றியதும் அவர்கள் செய்தது என்ன? படிப்பகம் அமைத்தனர், சில ஆண்டுகளில் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்றே ஒதுக்கும் விதியைச் செய்தனர். அரைவயிற்றுத் தொழிலாளர் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல் நூல் வாங்கியதை வியந்து பேசுவது வழக்கம். எனக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை. தமக்குச் சொந்தமான கடையின் கணக்கைத் தாமே படிக்க முடியாவிடில், முன்பிருந்த கடைக்காரருக்குப் பதிலாக இன்னொரு கடைக்காரரை அமர்த்தியதாகவே முடியும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். கூட்டுறவுக் கல்வி நிதிக்கு லாபத்தில் ஒரு பங்கைச் செலுத்த வேண்டும் என்று நம் கூட்டுறவுச் சட்டத்திலும் இருக்கும் விதி அந்த மரபில் வந்ததே. நம்மவர் பலர் அதனை இன்னொரு வரி என்றே எண்ணுகின்றனர்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைத்தறி வீட்டில் தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்கள். புத்தகத்தில் பெயர் இருப்பதோ பெரும்பாலும் ஆண்களுக்கு. வீட்டில் எட்டாவது, பத்தாவது படித்த மருமகள் இருப்பாள். ஆனால் சங்கப் பாஸ் புத்தகம் மாமனாரின் இரும்புப் பெட்டியில் இருக்கும். எழுத்தறிவு ஓரிடத்திலும் ஏடு மற்றோரிடத்திலும் பூட்டிக் கிடக்கின்றன. பெட்டியைத் திறந்து அப்பெண்ணிடம் கொடுப்பதற்கு எந்த அரசுத் திட்டமும் வேண்டியதில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கது பெரிதன்று. மகாசபையில் ஆண்டறிக்கையை, "படித்ததாகக் கொள்ளலாம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ஆமோதித்துத் தேநீருக்கு எழும் வழக்கம் நின்றுபோக வேண்டும். வரவு செலவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிப்பவர் செயலாளராக இராமல் அங்கத்தினர் வீட்டுப் பள்ளிப் பிள்ளையாக இருக்கட்டும். பிள்ளை தடுமாறும் இடத்தில் சபையார் கேள்வி கேட்பார்கள். நாம் வேண்டுவதும் அதுவே. மாதம் ஒரு மாலை, கூலி கொடுக்கும் நாளன்றே, அங்கத்தினர் தம் வீட்டில் படித்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு புத்தகத்தோடு வரட்டும். நிர்வாகிகளில் ஒருவர் ஓர் அங்கத்தினரின் கணக்கை, அவர் சம்மதத்தோடு, கரும்பலகையில் எழுதி விளக்கட்டும். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் வாங்கச் சங்கத்தின் சில்லறைச் செலவிலேயே இடம் உண்டு. அனுமதி கேட்டு இலாகாவுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம். அடுத்த மகாசபைக்கான அறிவிப்பு அச்சாகும்போது, நடவடிக்கை நிரலில் இதற்கென ஒரு வரியைச் சேர்த்து அனுப்புமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.