விலை தெரியாத காலத்துக் காமிக்ஸ் ரசிகர்கள்

"அந்தக் காலம் போல வருமா?" இந்த வாக்கியத்துக்கு நாடு, மொழி பேதமெல்லாம் கிடையாது. சினிமா ரசிகர்கள் சொல்வார்கள், கிரிக்கெட் ரசிகர்கள் சொல்வார்கள். அமெரிக்காவில் பழைய காமிக்ஸ் சேகரிக்கும் தாத்தாக்கள் கொஞ்சம் அதிகமாகவே சொல்வார்கள். அவர்களுடைய 'அந்தக் காலம்' 1961 வாக்கில் தொடங்கி 70களின் நடுவில் முடிந்துவிடுகிறது. வீட்டிலேயே அச்சடித்த ரசிகர் இதழ்கள், தபாலில் பழைய புத்தகப் பரிமாற்றம், ஏதோ ஒரு ஓட்டல் ஹாலில் நூறு பேர் கூடும் ஒருநாள் சந்திப்பு. அப்போது பணம் பெரிதில்லை, கூட்ட நெரிசல் இல்லை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்... இப்படிப் போகும் அந்தப் பெருமூச்சு. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கிளறினால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் ஒரு வேடிக்கை. அந்த ரசிகர் கூட்டம் உருவானதே மலரும் நினைவுகளால்தான்! டெட்ராய்ட்டில் ஜெர்ரி பெய்ல்ஸ் என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர். சின்ன வயதில் 'ஆல்-ஸ்டார் காமிக்ஸ்' இதழில் வந்த ஜஸ்டிஸ் சொசைட்டி மேல் அவருக்கு உயிர். அந்தத் தொடர் 1951-ல் நின்றுபோனது. வளர்ந்து, பட்டம் வாங்கி, வேலைக்குப் போன பிறகும் மனுஷனுக்கு அந்த ஏக்கம் போகவில்லை. பதிப்பகத்துக்குக் கடிதம் மேல் கடிதம். 1960-ல் அதே பாணியில் ஜஸ்டிஸ் லீக் வந்ததும் உற்சாகமாகி, மிசௌரியில் கல்லூரி முடிக்கும் தறுவாயில் இருந்த ராய் தாமஸையும் சேர்த்துக்கொண்டு 1961 மார்ச்சில் 'ஆல்டர் ஈகோ' என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார். ஆக, இன்று நரைத்த தலைகள் ஏங்குவது ஓர் ஏக்கத்தை நினைத்து ஏங்குவது. :-)

அந்த இதழ் அச்சான விதம் தெரிந்தால்தான் அதன் அருமை தெரியும். பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாள் எடுக்கப் பயன்பட்ட கைமெஷின். சாராயம் கலந்த திரவம், ஊதா மை. ஒரு மூலப் பிரதியிலிருந்து சில நூறு தாள்களுக்கு மேல் எடுக்க முடியாது. கடைசியில் வருவதெல்லாம் மங்கிப்போய்த்தான் வரும். வெயில் பட்டால் எழுத்தே காணாமல் போகும். இப்படிப்பட்ட ஒன்றை நாடு முழுவதும் முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பினார்கள். முகவரி எங்கிருந்து கிடைத்தது?

காமிக்ஸ் புத்தகத்தின் வாசகர் கடிதப் பக்கத்திலிருந்து. ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற ஆசிரியர், கடிதம் எழுதியவரின் முழு முகவரியையும் 1961-ல் அச்சிட ஆரம்பித்தார். தெருப் பெயர், கதவு எண் உட்பட. அவரே 1932-ல் அறிவியல் புனைகதைகளுக்கு ரசிகர் இதழ் நடத்திய ஆள். ரசிகனுக்கு இன்னொரு ரசிகனின் முகவரி கிடைத்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்தவர். இன்றைக்கு ஒரு பத்திரிகை பதினான்கு வயதுப் பையனின் வீட்டு முகவரியை லட்சக்கணக்கான பிரதிகளில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று அது ஒரு தலைமுறையையே ஒன்று சேர்த்தது. 1963-ல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழில் கடிதம் வெளியான ஒரு நியூ ஜெர்சி பையனுக்கு அந்த வழியாகத்தான் ரசிகர் இதழ்கள் அறிமுகமாகி, அவற்றில் கதை எழுதிப் பழகினான். பெயர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். ஆம், பின்னாளில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய அதே ஆள்.

ஒருவருக்கொருவர் ஏன் இவ்வளவு தேவைப்பட்டார்கள்? காரணம் பாசம் மட்டுமில்லை, பற்றாக்குறை. அன்று காமிக்ஸுக்கென்று கடை கிடையாது. பெட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் கம்பி ஸ்டாண்டில் தொங்கும். வந்தால் உண்டு. ஒரு மாத இதழ் தவறினால் தவறியதுதான். விற்காததைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் இதழ்களோ இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் காகிதச் சேகரிப்பில் போயின. 1948-ல் சில ஊர்களில் மாணவர்களைக் கொண்டே குவித்து எரித்தார்கள். 1954-ல் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் ஒரு புத்தகம் எழுதி, காமிக்ஸ் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஊரையே பயமுறுத்தினார். மிச்சத்தை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். சென்னையில் பழைய முத்து காமிக்ஸ் தேடி அலைந்தவர்களுக்கு இந்த வலி விளக்காமலே புரியும்.

இனி அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்துக்கு வருவோம்: "அப்போதெல்லாம் யாரும் பணத்தை நினைக்கவே இல்லை."

சுத்தப் பொய். பெய்ல்ஸ் 'ஆல்டர் ஈகோ' தொடங்கிய அதே 1961-ல், சில மாதங்கள் கழித்து 'காமிக்கலெக்டர்' என்று இன்னோர் இதழ் தொடங்கினார். அது முழுக்க முழுக்க விளம்பரம். விற்பனைக்கு இன்னது, தேவை இன்னது, விலை இவ்வளவு. கட்டுரை இதழுக்கு வந்த வரவேற்பு இதற்கும் இருந்தது. மயாமியில் ஜி. பி. லவ் நடத்திய 'ராக்கெட்ஸ் பிளாஸ்ட்' 1964-ல் இதோடு இணைந்து, பல வருடம் சேகரிப்பாளர்களின் சந்தையாகவே இருந்தது. லவ் பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவர். விரல்கள் சொன்னபடி கேட்காத ஒருவர் டைப்ரைட்டரில் தட்டித் தட்டி ஒரு தேசத்துக்கே சந்தை நடத்தியிருக்கிறார். அவருக்கு வியாபாரமும் நட்பும் ஒரே தபால் உறையில்தான் வந்தன. இதில் எது பணம், எது பாசம் என்று எப்படிப் பிரிப்பது?

வியாபாரம் இருந்தது. ஆனால் பேசாமல் வியாபாரம் செய்ய முடியாது. அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான், கூட்டத்தின் அளவு கிடையாது. 1940-ம் வருட இதழ் ஒன்றுக்கு என்ன விலை என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. வாங்குபவர் கேட்க வேண்டும், விற்பவர் சொல்ல வேண்டும், அட்டை கிழிந்திருக்கிறதா, நடுப்பக்கம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்கும்போது கதையைப் பற்றியும் பேச்சு வரும். இது யார் வரைந்தது என்று சந்தேகம் வரும்.

அந்தச் சந்தேகம் சாதாரண விஷயமில்லை. டொனால்ட் டக் கதைகளை வருடக்கணக்காக வரைந்த கார்ல் பார்க்ஸின் பெயர் புத்தகத்தில் எங்கும் போடப்படவில்லை. பிள்ளைகள் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்றுதான் அடையாளம் வைத்திருந்தார்கள். 1960 வாக்கில் ரசிகர்கள் பதிப்பகத்துக்கு எழுதித் துருவித்தான் அவர் பெயரைக் கண்டுபிடித்தார்கள். பெய்ல்ஸ் இப்படிச் சேர்ந்த தகவல்களையெல்லாம் தொகுத்து, எந்தக் கதையை யார் எழுதினார், யார் மை போட்டார் என்ற பெரும் பெயர்ப் பட்டியலை 70களில் வெளியிட்டார். பதிப்பகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை. சூப்பர்மேனின் உரிமையையே 1938-ல் 130 டாலருக்கு எழுதி வாங்கிக்கொண்ட தொழில் அது. ஓவியர் பெயரையா பத்திரமாக வைத்திருக்கும்?

சந்திப்புகளும் இந்தப் பேச்சின் நீட்சிதான். 1964 ஜூலை 27 அன்று நியூயார்க்கில் நடந்ததை முதல் மாநாடுகளில் ஒன்றாகச் சொல்வார்கள். ஏற்பாடு செய்தது பள்ளி வயதுப் பையன்கள். வந்தவர்கள் அதிகபட்சம் நூறு பேர். ஸ்பைடர்மேனை வரைந்த ஸ்டீவ் டிட்கோ வந்திருந்தார். பிறகு எந்த மாநாட்டுப் பக்கமும் தலைவைத்துப் படுக்காத மனிதர். மேலே சொன்ன மார்ட்டினும் அங்கே இருந்தார், வயது பதினைந்து. டெட்ராய்ட்டிலும் இப்படிக் கூடினார்கள். பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். "எல்லோரும் ஒரு குடும்பம் போல இருந்தோம்" என்பவர்கள் அந்தக் குடும்பத்தில் அக்கா தங்கைகள் ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்றைய பெருங்கூட்டத்தைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

1970-ல் மூன்று விஷயங்கள் நடந்தன. சான் டியகோவில் மார்ச் 21-ம் தேதி ஒரு ஓட்டலில் ஒருநாள் சந்திப்பு நடந்தது, சுமார் நூறு பேர் வந்தார்கள். ஆகஸ்டில் அதே ஓட்டலில் மூன்று நாள், சுமார் முந்நூறு பேர். ஜாக் கிர்பியும் ரே பிராட்பரியும் வந்தார்கள். இன்று ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம் திரளும் காமிக்-கான் அதுதான்.

இரண்டாவது, ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பழைய காமிக்ஸுக்கு ஒரு விலைப்பட்டியல் போட்டார். புத்தகத்தின் விலை ஐந்து டாலர். இதழ் வாரியாக, பழுதின் அளவு வாரியாக, இன்ன விலை என்று அச்சில். பழைய ஆட்கள் பலர் 'எல்லாம் கெட்டது இதனால்தான்' என்று இதைத்தான் கைகாட்டுவார்கள். இங்கேதான் அவர்களோடு உடன்பட முடியவில்லை. விலை தெரியாத காலம் யாருக்கு இனித்தது? விலை தெரிந்தவனுக்கு. பழைய புத்தகக் கடையில் ஐந்து சென்ட்டுக்கு அள்ளினேன், பரணைக் காலி செய்த பாட்டியிடம் பெட்டியோடு வாங்கினேன் என்று சொல்லும் ஒவ்வொரு அதிர்ஷ்டக் கதைக்குப் பின்னாலும் தன்னிடம் இருந்தது என்னவென்று தெரியாமல் ஏமாந்த ஒருவர் இருக்கிறார். காமர்ஸ் வகுப்பில் முதல் வருடத்திலேயே சொல்லித்தரும் விஷயம் இது. பட்டியல் வந்ததும் அந்தப் பாட்டிக்கும் பேரம் பேச ஒரு ஆயுதம் கிடைத்தது. பட்டியல் நல்லதுதான் செய்தது.

கெடுத்தது அதற்கு முப்பது வருடம் கழித்து வந்தது. 2000-ல் சிஜிசி என்ற நிறுவனம் காமிக்ஸுக்குத் தர மதிப்பெண் கொடுக்கத் தொடங்கியது. புத்தகத்தை அனுப்பினால் பரிசோதித்து, பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தருவார்கள். உறையைத் திறந்தால் அந்த மதிப்பெண் செல்லாது. ஏமாற்று வேலையைத் தடுக்க உதவியது, சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வாங்குபவர் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. கதை தெரிய வேண்டாம், வரைந்தவர் பெயர் தெரிய வேண்டாம், எண் போதும். பத்து சென்ட்டுக்கு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மதிப்பெண் 8.5. பத்திரமாக இருக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? படிக்க முடியாத புத்தகத்தை ஷேர் சர்டிபிகேட் என்று கூப்பிட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

இந்தப் பக்கம் ரசிகர்கள் இப்படி இருக்க, எதிரி என்ன செய்தார் தெரியுமா? அதே வெர்தாம் 1973-ல் கடைசியாக ஒரு புத்தகம் எழுதினார். ரசிகர் இதழ்களைப் பற்றி! ஊதா மை இதழ்களை வரவழைத்துப் படித்து, யாருடைய கட்டளையும் லாப நோக்கமும் இல்லாமல் இளைஞர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ஆரோக்கியமான வழி இது என்று பாராட்டினார். நியூயார்க் மாநாட்டுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். போனார். 1954-ஐ யாரும் மறக்கவில்லை, கோபமாகத்தான் வரவேற்றார்கள். அவர்கள் கோபமும் நியாயம், அவர் சொன்னதும் சரி. காமிக்ஸில் அவர் தப்புத் தப்பாகக் கண்ட ஆபத்துகளை மறந்துவிடலாம். ரசிகர்களிடம் அவர் கண்ட நல்லதை ரசிகர்களே அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

1970-ன் மூன்றாவது விஷயத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. டெட்ராய்ட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூலகம் அந்த வருடம்தான் காமிக்ஸ் சேகரிக்க ஆரம்பித்தது. இன்று அங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இதழ்களும் நூல்களும் இருக்கின்றன, ரசிகர் இதழ்கள் உட்பட. பெய்ல்ஸ் 2006-ல் போய்விட்டார். அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்களுக்கு எண்பது வயது. அவர்கள் வீட்டு அலமாரிகள் ஒவ்வொன்றாக இப்போது பிரிக்கப்படுகின்றன. விலை உயர்ந்தவை பிளாஸ்டிக் உறைக்குப் போகும், அதைத் தடுக்க முடியாது. விலை போகாத கடிதங்களும் மங்கிய ஊதாத் தாள்களும் குப்பைக்குப் போகாமல் இப்படி ஒரு நூலகத்துக்குப் போனால், இருபது வயதுப் பெண்ணோ பையனோ மேஜையில் உட்கார்ந்து கேட்டு வாங்கி, பக்கத்தைப் புரட்டிப் படிக்கலாம். முகவரிகள்கூட அப்படியே இருக்கும்.