தர்மம் வேண்டாம், திட்டம் வேண்டும்

நமது நாட்டில் ஏழைகளுக்கு உதவி என்கின்ற பேச்சு வந்தவுடனேயே பெரும்பான்மையான மக்களுக்கு ஞாபகம் வருவது அன்னதானமும், வஸ்திர தானமும், அவற்றால் கொடுத்தவருக்குக் கிடைக்கப்போகும் புண்ணியமுமேயாகும். வாங்கித் தின்றவனுடைய பசி நாளைக்கு என்னவாகும் என்பதைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் கிடையாது. ஏனெனில், தர்மம் என்பது கொடுப்பவனுடைய மோட்சத்திற்காக ஏற்பட்டதேயொழிய, வாங்குகின்றவனுடைய தரித்திரம் ஒழிவதற்காக ஏற்பட்டதல்ல. தரித்திரம் அடியோடு ஒழிந்துபோனால் தர்மப் பிரபுக்களுக்கு மோட்சத்திற்கு வழி ஏது?

நிற்க, இந்த வேலைகளில் பலவற்றை இப்போது சர்க்காரே ஏற்று நடத்துகின்றது என்பதை நாம் மறுக்க வரவில்லை. 1920-ல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட்டது புண்ணியத்திற்காக அல்ல. பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரவேண்டும் என்பதற்காகவே. 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்த எட்டயபுரம், கயத்தாற்றுக்காரர்களுக்கு நம் பக்கத்து ஊர்தான். 1962-ல் முதியோர்க்கு மாதம் 20 ரூபாய் பென்ஷன் ஏற்பட்டது. 2023-ல் அது 1,200 ரூபாயாயிற்று. 1975-ல் குழந்தைகள் வளர்ச்சித் திட்டமும், 1982-ல் சத்துணவும், 2022-ல் காலை உணவும் வந்தன. ஆகவே திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பின்னை, குறை எங்கே இருக்கின்றது என்றால், மேலே தீட்டப்பட்ட திட்டம் ஊருக்குள் வந்து இறங்குகின்ற இடத்தில்தான் இருக்கின்றது.

இதற்கு வெகு தூரம் போகவேண்டியதில்லை. 2023-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அதே எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள உசிலம்பட்டி என்னும் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்ததென்ன? ஆதிதிராவிடப் பெண் ஒருவர் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் உண்ணக்கூடாதென்று பெற்றோர் தடுத்ததாகச் செய்தி வந்தது. பாராளுமன்ற உறுப்பினர் கனிமொழியும், மந்திரி கீதா ஜீவனும் அங்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ண வேண்டியதாயிற்று. அவர்கள் போனது சரிதான். ஆனால் ஒரு பிள்ளை இட்லியோ உப்புமாவோ தின்பதற்கு ஒரு மந்திரி வரவேண்டும் என்றால், இந்த ஜில்லாவிலுள்ள எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் எத்தனை மந்திரிகள் வேண்டும் என்று கேட்கின்றோம்.

2018-ல் திருப்பூர் ஜில்லா திருமலைக்கவுண்டன்பாளையத்தில் இதைவிட மோசமாயிற்று. அங்கே ஆதிதிராவிட சமையற்காரரை மேல்ஜாதிப் பெற்றோர் ஆட்சேபித்தார்கள் என்பதற்காக, அதிகாரிகள் அவரையே வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். கிளர்ச்சி நடந்த பின்புதான் அந்த உத்தரவு ரத்தாயிற்று. குற்றம் செய்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, தண்டனை மறுபக்கம் போயிற்று.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். திட்டத்தில் எதை எழுதாமல் விட்டுவிடுகின்றோமோ, அதை ஜாதி தன் கையால் எழுதி நிரப்பிக்கொள்ளும். யார் சமைப்பது என்று எழுதாவிட்டால் ஜாதி எழுதும். கட்டிடம் எந்தத் தெருவில் என்று எழுதாவிட்டால் அதையும் ஜாதியே எழுதும். இது தெரிந்துதான் சுப்ரீம் கோர்ட்டானது 2004-ல், சமையற்காரர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றும், புதிய அங்கன்வாடிகளை அவர்களுடைய குடியிருப்புகளில் சீக்கிரமாக அமைக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இனி கயத்தாற்றுக்கு வருவோம். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று நாம் பெருமை பேசுகின்றோம். சிலைக்கு மாலை போடுகின்றோம். செய்யட்டும். ஆனால் செத்தவருக்கு மாலை போடத் தேதி தெரிந்திருக்கின்ற ஊரில், உயிரோடிருக்கின்ற ஆதரவற்ற கிழவிகள் எத்தனை பேர் என்கின்ற கணக்கு வேண்டாமா? நமது பேரூராட்சி மன்றத்திற்கு இதற்கு அதிகாரமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தத்தால் வந்த 12-வது அட்டவணையில், சமுதாய முன்னேற்றத்திற்குத் திட்டமிடுவதும், நலிந்தோரையும் ஊனமுற்றோரையும் பாதுகாப்பதும் நகர ஸ்தாபனங்களுக்குரிய வேலைகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த வேலைகளைச் சர்க்கார் ஒப்படைக்க "லாம்" என்றுதான் சட்டம் சொல்லுகின்றது. அந்த "லாம்" என்பதை "வேண்டும்" என்று ஆக்குவது ஓட்டுப் போடுகின்ற ஜனங்களின் வேலையாகும். 1996-ல் கேரளத்தார் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை ஸ்தல ஸ்தாபனங்களின் கையில் கொடுத்து, ஊர் ஊராக ஜனங்களைக் கூட்டித் திட்டம் போடச் சொன்னார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

முதலாவது செய்யவேண்டியது, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது. முதியோர், விதவைகள், ஊனமுற்றோர், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோரில் யாருக்கு உதவி வருகின்றது, யாருக்கு வரவில்லை என்று எழுதவேண்டும். இரண்டாவது, இடம். எல்லாத் தெருக்காரரும் தயக்கமின்றி வந்துபோகும் இடத்திலே அங்கன்வாடி இருக்கவேண்டும். மூன்றாவது, நேரம். தீப்பெட்டிக் கம்பெனிக்கும் காட்டு வேலைக்கும் போகின்ற தாய் எப்போது புறப்படுகின்றாள், எப்போது திரும்புகின்றாள் என்று அவளைக் கேட்டு நேரம் வைக்கவேண்டுமேயொழிய, ஆபீசு கடிகாரத்தைப் பார்த்தல்ல. நான்காவது, வரவு செலவையும் பெயர்ப் பட்டியலையும் யாவரும் படிக்கும்படி பலகையில் எழுதி வைக்கவேண்டும்.

"நாங்கள்தான் கோயிலில் அன்னதானம் செய்கின்றோமே" என்று சிலர் சொல்லக்கூடும். அய்யா, நடந்து வரக்கூடியவனுக்குத்தானே உங்கள் பந்தி? படுக்கையில் கிடப்பவள் எப்படி வருவாள்? அவளுடைய வீட்டைத் தேடிப் போவதற்குத்தான் திட்டம் என்று பெயர். "பணமில்லை" என்று வேறு சிலர் சொல்லுவார்கள். கணக்கெடுப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும், படித்த வாலிபர்கள் பத்துப் பேருமே போதும். கொடைக்கு வரி வசூலிக்க வீடு வீடாகப் போகத் தெரிந்த ஊருக்கு இதற்கு மட்டும் கால் வலிக்குமா?

ஆகவே தோழர்களே! உதவி கேட்பது பிச்சையல்ல. அது உங்கள் வரிப்பணத்திலுள்ள உங்கள் பங்கு. வார்டு மெம்பர் ஓட்டுக் கேட்டு வரும்போது, கோயிலுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். வார்டுக் கணக்கு எங்கே என்று கேளுங்கள்.