அம்மா மட்டும் ஏன் சாதம் சாப்பிடலை?

சகோதரிகளே, இந்த முறை புதுச் சமையல் குறிப்பு எதுவும் கிடையாது. நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின தை மாசம் எனக்கு எடை 74 கிலோ. உயரமோ ஐந்தடி ஒரு அங்குலம். வெறும் வயிற்றில் ரத்தத்தில் சர்க்கரை 112. "இன்னும் வியாதி வரலை அம்மா, ஆனா வாசல்படி வரைக்கும் வந்தாச்சு" என்றார் லேடி டாக்டர். எனக்குக் கை கால் ஓடவில்லை. சர்க்கரை வியாதியால் கால் விரல் ஒன்றை இழந்தவள் என் அம்மா. அந்தக் கட்டுக்கு மருந்து மாற்றியவள் நான்.

ஒரு உறவுக்காரப் பெண், மாவுச்சத்தைக் குறைக்கும் சாப்பாட்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே ஒரு காகிதம். சாதம், இட்லி, தோசை, உருளைக்கிழங்கு, பழம் எதுவும் கூடாது. முட்டை, பனீர், கீரை, காய் மட்டும். அதைச் சமையலறைக் கதவில் ஒட்டிவைத்து, விரதம் மாதிரி கடைப்பிடித்தேன்.

முதல் வாரமே இரண்டரை கிலோ குறைந்தது! தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை, தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் கொஞ்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு ஒரு கிராம் என்றால் அதோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்குகிறது. சேமிப்பு கரைந்தால் தண்ணீரும் போகும். மறுபடி சாதம் சாப்பிட்டால் அதுவும் திரும்பி வரும். இது தெரியாததால்தான் பலபேர் முதல் வாரம் குதிக்கிறோம், பிறகு மனம் உடைகிறோம்.

மூன்று மாசத்தில் ஏழு கிலோ குறைந்தது. கூடவே மலச்சிக்கலும் சிடுசிடுப்பும் வந்தன. அப்புறம் நாத்தனார் பிள்ளை கல்யாணம். பந்தியில் ஒரு கரண்டி வெண்பொங்கல் சாப்பிட்டேன். "விரதம்தான் முறிஞ்சு போச்சே, இனி என்ன?" என்று அன்று ராத்திரியே ஜாங்கிரி. தீபாவளிக்குள் ஐந்து கிலோ திரும்பி வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய அடி வேறு. எட்டாவது படிக்கிற என் பெண், டிபன் டப்பாவில் வைத்த இட்லியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். "ஏன்டி கண்ணு சாப்பிடலை?" என்றால், "நீயே சாதத்தைப் பார்த்தா பயப்படறே, நான் மட்டும் ஏன் சாப்பிடணும்? நானும் குண்டாயிடுவேன்" என்கிறாள். வளருகிற பெண்! அந்தக் காகிதத்தை அன்றைக்கே கதவிலிருந்து கிழித்தேன்.

மறுபடி டாக்டரிடம் போனேன். அவர் திட்டவில்லை. "இரவல் ரவிக்கையை அப்படியே போட்டுக்கொள்வீர்களா? பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்து, பிரிக்க வேண்டிய இடத்தில் பிரித்துத்தானே போடுவீர்கள்? இதுவும் அப்படித்தான்" என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. இந்த முறையை 1972-ல் புத்தகம் எழுதிப் பிரபலப்படுத்திய அமெரிக்க டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ்கூட, கடுமையான பத்தியத்தை முதல் கட்டத்துக்கு மட்டும்தான் வைத்திருக்கிறார். பிறகு மாவுச்சத்தைப் படிப்படியாகக் கூட்டி, எந்த அளவில் எடை ஏறாமல் நிற்கிறது என்று அவரவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். என் கையில் கிடைத்த காகிதத்தில் இருந்தது முதல் கட்டம் மட்டும்! இன்னொன்றும் சொன்னார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை ஒரு வருஷம் கவனித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்களும் சரி, கொழுப்பைக் குறைத்தவர்களும் சரி, சராசரியாக ஐந்தாறு கிலோதான் இறங்கினார்கள். ஆனால் இரண்டு கூட்டத்திலும் நிறைய இறங்கியவர்களும் உண்டு, ஏறியவர்களும் உண்டு. ஆகவே, நம்மால் விடாமல் செய்ய முடிந்ததுதான் நமக்கு நல்ல திட்டம்.

இப்போது என் வழக்கம் இது:

மதியம் சாதம் உண்டு, ஆனால் ஒரே கிண்ணம், அளந்து. முன்பு சாதம் மலை மாதிரியும் பொரியல் ஊறுகாய் மாதிரியும் இருக்கும். இப்போது காயும் கூட்டும் இரண்டு பங்கு. பருப்பு, முட்டை, தயிர் இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம்.

காலையில் நாலு இட்லிக்குப் பதில் இரண்டு, கூடவே கெட்டி சாம்பாரும் ஒரு கிண்ணம் சுண்டலும். வாரத்தில் இரண்டு நாள் பருப்பு நிறையப் போட்ட அடை.

கேழ்வரகுக்கு மாறினால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால், கேழ்வரகில் சுமார் 67. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதில் அதிகம்தான். அதற்காக அளவு வேண்டாமா?

நான் நிஜமாக விட்டது சாதத்தை அல்ல. மூன்று வேளைக் காப்பியின் சர்க்கரையை, சாயங்காலப் பிஸ்கட்டை, குழந்தைகள் தட்டில் மிச்சம் வைப்பதை "வீணாகிறதே" என்று வாயில் போட்டுக்கொள்வதை.

பொங்கலன்று பொங்கல் உண்டு. மறுநாள் பட்டினி கிடையாது. அடுத்த வேளை வழக்கமான தட்டு, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் எடை பார்ப்பேன். இரண்டு கிலோ ஏறிவிட்டால், இரண்டு வாரம் ராத்திரி டிபனை நிறுத்திக் காயும் பருப்பும்தான்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும் அப்படித்தான். மருந்தின் அளவை மாற்றாமல் சாதத்தை மட்டும் குறைத்தால், சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் போட்டுவிடலாம். வளரும் குழந்தைகளுக்கு இந்தப் பத்தியம் வேண்டவே வேண்டாம்.

ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது 67 கிலோ. முன்பு மூன்றே மாசத்தில் குறைத்த அதே ஏழு கிலோதான். ஆனால் இந்த ஏழு திரும்பி வரவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98.

நேற்று ராத்திரி என் பெண் எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். என் தட்டில் இரண்டு இட்லி, அவள் தட்டில் நாலு. "உனக்கு ரெண்டு போதும், நான் வளரணும்" என்றாள். எனக்கு வயிறு அப்போதே நிறைந்துவிட்டது.