பாடல் கட்டுரையில் யார் பெயர் எங்கே

பாடல் ஒன்றைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்தால் நாம் முதலில் தேடுவது எழுத்துப்பிழை, சந்திப்பிழை, மேற்கோள்களின் எண்ணிக்கை. மூன்றும் தேறினால் உரையாடல் பக்கத்தில் ஒரு பாராட்டு வரி இட்டுவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுகிறோம். வலது ஓரத்துத் தகவற்பெட்டியை வரி வரியாகப் படிப்பவர் மிகக் குறைவு. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், வெளியிட்ட நிறுவனம் என்று நான்கைந்து வரிகள்தாமே என்ற எண்ணம். ஆனால் பாடல் கட்டுரையில் பிழை நேர்ந்தால் உயிரோடிருக்கும் ஒரு கலைஞருக்கு நேரடியாக இழப்பு உண்டாகும் இடம் அதுதான். வேறு பல தளங்களுக்கும் பெயர்கள் அங்கிருந்தே போகின்றன. ஒருமுறை தவறிப் போன பெயரைத் திரும்ப ஏற்றுவது லேசான வேலை அல்ல.

அண்மையில் அனகாபுத்தூரில் நம் வாசகர்கள் சிலர் கூடி, ‘என்ஜாய் எஞ்சாமி’ பற்றிய வரைவு ஒன்றை மதிப்பாய்வு செய்தார்கள். அந்த ஊர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த தொகுப்பாளர் ஒருவர், கட்டுரையின் முதல் பத்திக்குக்கூடப் போகாமல், பெட்டியில் யார் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டார். அனகாபுத்தூர்த் தறிகளில் நெய்த கட்டம் போட்ட துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரை போனது. ‘மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ என்ற பெயரில்தான் போனது. நெய்த ஊரின் பெயர் அதில் இல்லை. அவருக்கு அந்தக் கேள்வி முதலில் தோன்றியதில் வியப்பில்லை. நம் எல்லோருக்குமே அது முதலில் தோன்ற வேண்டும் என்பதற்காகவே இந்த உரை.

அந்தப் பாடல் 2021 மார்ச் 7 அன்று மாஜா நிறுவனத்தின் வெளியீடாக யூடியூபில் வந்தது. பாடகி தீ, பாடகர் அறிவு இருவரும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசைப்பொறுப்பை ஏற்றிருந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய, சொந்த நிலமில்லாத தமிழர்களின் கதை அதில் உண்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் காணொலியில் தோன்றுகிறார். இதுவரை சிக்கல் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற, அறிவு எங்கே என்று இயக்குநர் பா. இரஞ்சித் பொதுவெளியில் கேட்டார். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது. அங்கே இப்பாடலைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அடுத்த சில நாள்களில், பாடலை எழுதியதும் மெட்டமைத்ததும் தானே என்று அறிவு இன்ஸ்டாகிராமில் அறிக்கை வெளியிட்டார். இசையமைப்பு, இசைக்கோர்ப்பு, ஒலிப்பதிவு ஆகியவை தன் பணி என்றும், உடன் பாடியதாகவும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் அறிக்கை தந்தார்.

இங்கேதான் மதிப்பாய்வாளரின் வேலை தொடங்குகிறது. அந்த வரைவின் தகவற்பெட்டியில் இசையமைப்பாளர் என்ற வரியில் ஒரே ஒரு பெயர் இருந்தது, மேற்கோள் இல்லை. வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் அந்த வரி பலமுறை மாறியிருந்தது. ஒருவர் அறிவைச் சேர்ப்பார், இன்னொருவர் நீக்குவார், தொகுப்புச் சுருக்கம் வெறுமையாக இருக்கும். எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். ஆனால் யார் மெட்டமைத்தார் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நம்மில் எவருக்கும் கிடையாது. முதல் வெளியீட்டின்போது காணொலிக் குறிப்பில் என்ன அச்சாகியிருந்ததோ, அதுதான் பெட்டியில் வர வேண்டும், அந்தக் குறிப்பையே சான்றாகக் காட்டி. பிணக்கு பெட்டிக்குள் நுழையக்கூடாது. அதற்குத் தனிப் பகுதி வேண்டும். இன்னார் இந்த நாளில் இப்படிச் சொன்னார், அதற்கு இன்னார் இப்படிப் பதிலளித்தார் என்று, இரு தரப்பின் சொல்லையும் குறைக்காமல் கூட்டாமல் எழுத வேண்டும். ‘உரிமை கோரினார்’ என்று ஒருவருக்கும் ‘விளக்கமளித்தார்’ என்று மற்றவருக்கும் எழுதினாலே நாம் பக்கம் சாய்ந்துவிட்டோம். இருவருக்கும் ‘கூறினார்’ போதும்.

இன்னொன்றில் கூடுதல் கவனம் தேவை. 2024 மார்ச்சில், பாடல் வெளியாகி மூன்றாண்டுகள் ஆனபோது, மாஜாவிடமிருந்து தங்களுக்குப் பணமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வரைவை எழுதியவர் இதையும் 2022 அறிக்கையையும் ஒரே வாக்கியத்தில் கோத்து, நடுவில் ‘ஆனால்’ போட்டிருந்தார். படிப்பவருக்கு முன்னது பொய் என்று தோன்றும். பங்கு சமம் என்பது ஒப்பந்தம்; பணம் வரவில்லை என்பது நடப்பு. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். எந்தச் செய்தித்தாளும் சொல்லாத முடிவை இரு செய்திகளை ஒட்டவைத்து வாசகர் மனத்தில் விதைப்பது, நம் கொள்கைப்படி சொந்த ஆய்வு. உயிரோடிருப்பவர் பற்றியது என்பதால் அது இரட்டைப் பிழை. அந்த ‘ஆனால்’ நீக்கப்பட்டு, இரு செய்திகளும் தத்தம் தேதியோடு தனித்தனி வாக்கியங்களாயின. கூட்டத்தின் மிகப் பயனுள்ள திருத்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மற்றவை விரைவில் முடிந்தன. பார்வை எண்ணிக்கை நான்கு இடங்களில் நான்கு விதமாக இருந்தது. தேதியோடு ஓரிடத்தில் மட்டும் வைத்தார்கள். ‘பெரும் வரவேற்பைப் பெற்றது’ போன்ற சான்றற்ற புகழ்மொழிகள் போயின. முழுப்பாடலையும் ஒட்டியிருந்த பகுதி பதிப்புரிமைக் காரணத்தால் உடனே நீக்கப்பட்டது. இதில் தயக்கமே கூடாது.

இத்தனைக்கும் பிறகு கட்டுரையில் பாட்டைப் பற்றி என்ன மிஞ்சியது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. சர்ச்சைக்கு ஆறு பத்தி. ஒப்பாரியின் சாயல் பாடலில் எங்கே ஒலிக்கிறது, தோட்டத் தொழிலாளர் வரலாறு எப்படி உள்ளே வந்தது என்பதற்கு ஒன்றரை வரி. காரணம் தெளிவு. சர்ச்சையை ஆங்கில நாளேடுகள் விரிவாக எழுதின. அவற்றின் சுட்டி இணையத்தில் எளிதில் கிடைக்கிறது. இசையையும் வரலாற்றையும் பேசிய தமிழ் நேர்காணல்கள் பல அச்சிதழ்களில் தங்கிவிட்டன. அச்சிதழுக்கு இணையச் சுட்டி இல்லாததால் அதைச் சான்றாகத் தரக்கூடாது என்ற தவறான எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. இதழின் பெயர், தேதி, பக்க எண், எழுதியவர் பெயர் இருந்தால் அது முழுமையான சான்று.

பழைய வார, மாத இதழ்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் நம் வாசகர்களில் நிறைய உண்டு. 2021க்குப் பிந்தைய இதழ்களில் சுயாதீன இசை பற்றிய நேர்காணல் எதுவானாலும் இந்த நான்கு விவரங்களோடு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் இடுங்கள். மதிப்பாய்வு செய்பவர்கள், உள்ளடக்கத்தைப் பார்க்கும் முன் பெட்டியின் ஒவ்வொரு பெயருக்கும் அருகில் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘சான்று தேவை’ வார்ப்புருவை அந்த வரியிலேயே இடுங்கள். பாடலையும் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். கேட்காமலே மதிப்பாய்வு முடித்த பக்கங்கள் நம்மிடம் இருக்கின்றன.