இறந்தவர் மேல் எழுதிய பழி

1942 ஆகஸ்ட் 25, பிற்பகல். ஸ்காட்லாந்தின் வடகோடியில், டன்பீத் ஊருக்கு அப்பால் மலைச்சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தந்தையும் மகனும் மூடுபனிக்குள் ஒரு விமானத்தின் இரைச்சலைக் கேட்டார்கள். கண்ணுக்கு ஒன்றும் தென்படவில்லை. இரைச்சல் நெருங்கி வந்தது. அடுத்த கணம் பெரும் வெடிச்சத்தம். பிரிட்டிஷ் விமானப்படையின் 228ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த சண்டர்லேண்ட் பறக்கும் படகு, ஈகிள்ஸ் ராக் குன்றில் மோதி எரிந்தது.

இன்வர்கார்டனிலிருந்து ஐஸ்லாந்துக்குப் புறப்பட்ட அந்த விமானத்தில் 15 பேர் இருந்தார்கள். 14 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் ஒருவர் மன்னர் ஆறாம் ஜார்ஜின் தம்பி, கென்ட் கோமகன். நாடே அவருக்காகத் துக்கம் காத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விமானத்தின் தலைமை விமானி ஃபிராங்க் கோயன் என்ற 25 வயது ஆஸ்திரேலிய இளைஞருக்குக் கிடைத்தது வேறு.

அந்த ஆண்டு அக்டோபர் 7 அன்று விமானப்படை அமைச்சர் ஆர்ச்சிபால்ட் சின்க்ளேர் நாடாளுமன்றத்தில் விசாரணை முடிவை அறிவித்தார். திட்டத்தில் குறித்த பாதையை விட்டு விமானம் வேறு பாதையில் பறந்தது. எதிரே உயர்ந்த நிலத்தைத் தாண்ட முடியாத அளவுக்குத் தாழப் பறந்தது. இந்தப் பெரும் பிழைக்குத் தலைமை விமானியே பொறுப்பு. சாரம் இதுதான்.

பாதை மாறியது உண்மை. விமானம் தாழப் பறந்ததும் உண்மை. சக்கரமில்லாமல் தண்ணீரிலேயே ஏறி இறங்கும் சண்டர்லேண்டுக்கு மலைநாட்டின் மேல் வேலையே இல்லை. கடலோரமாகவே போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்லாதவர்கள், குற்றவாளி யார் என்று மட்டும் எப்படிச் சொன்னார்கள்? காரணம் தெரியாத இடத்தில் குற்றம் மட்டும் தெரிந்துவிடுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோயனுக்கு மேலதிகாரியான படைப்பிரிவுத் தலைவர் மோஸ்லியும் அதே விமானத்தில் இருந்தார். கடைசி நிமிடங்களில் யார் என்ன முடிவெடுத்தார்கள் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. உயிர் தப்பிய ஒரே மனிதர் ஆண்ட்ரூ ஜாக், வால்பகுதித் துப்பாக்கி வீரர். பின்னோக்கிப் பார்த்து உட்காரும் இடம் அது; விமானி அறை அங்கிருந்து தெரியாது. தீக்காயங்களோடு மலையில் தட்டுத்தடுமாறி மறுநாள் ஒரு குடிசையை அடைந்தவர் அவர். அதுவரை எல்லாரும் இறந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். விசாரணை மன்றத்தின் முழு ஆவணமும் பிறகு ஆய்வாளர்கள் கைக்குக் கிடைக்கவில்லை.

கோமகனே விமானத்தை ஓட்டினார் என்றும் பேச்சு உண்டு. அதை நாம் ஏற்கவில்லை. இறந்த ஒருவரை விடுவிக்க, இறந்த இன்னொருவர் தலையில் பழியைக் கட்டுவது அதே அநீதிதான்.

போர்க்காலத்து அவசரம் என்று சமாதானம் சொல்வார்கள். சரி, அமைதிக்காலத்தில் நடந்தது என்ன? 1994 ஜூன் 2 அன்று அதே ஸ்காட்லாந்தில், மல் ஆஃப் கின்டைர் முனையில், மூடுபனியில் சினூக் ஹெலிகாப்டர் மோதி 29 பேர் இறந்தார்கள். எள்ளளவும் ஐயமில்லாவிட்டால் மட்டுமே இறந்த விமானி மேல் அலட்சியக் குற்றம் சொல்லலாம் என்பது அன்று விமானப்படையின் விதி. அதையும் மீறி இரண்டு உயரதிகாரிகள் இரு விமானிகளையும் குற்றவாளிகளாக்கினார்கள். குடும்பங்கள் விடாமல் போராடின. 2011இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார்.

கோயனுக்காக அப்படிப் போராடப் பெரிய இயக்கம் எதுவும் எழவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் யாருடையது என்றே தெரியாது. பழி மட்டும் ஒரு பெயரோடு ஒட்டிக்கொண்டது. அட்லாண்டிக் கடலுக்கு மேல் நாஜி நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த படைப்பிரிவின் விமானி அவர். தன் ஊரை விட்டு உலகின் மறுகோடிக்கு வந்து பிரிட்டனுக்காகப் போரிட்டவர். அவர் குற்றமற்றவர் என்று நாம் சொல்லவில்லை. குற்றவாளி என்று சொல்ல யாரிடமும் ஆதாரமில்லை என்கிறோம்.

சினூக் விமானிகளுக்குப் பொருந்திய அளவுகோல் கோயனுக்கும் பொருந்த வேண்டும். 1942இல் அமைச்சர் சின்க்ளேர் சொன்னது நாடாளுமன்றக் குறிப்பேட்டில் இன்றும் அப்படியே இருக்கிறது. எந்த அவையில் அது சொல்லப்பட்டதோ, அதே அவையில் அது திரும்பப் பெறப்பட வேண்டும்.