பாடகரா, பாடியவரா?

ஓபரா மேடையில் மரியோ லான்ஸா ஏற்ற முழுப் பாத்திரங்கள் இரண்டு. 1942 கோடையில் அமெரிக்காவின் டேங்கிள்வுட் இசை விழாவில், நிக்கோலாய் இயற்றிய 'விண்ட்சரின் குறும்புக்கார மனைவியர்' ஓபராவில் ஃபென்டன். 1948 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில், புச்சினியின் 'மடாமா பட்டர்ஃபிளை'யில் பிங்கர்டன். அதுவும் இரண்டு காட்சிகளோடு சரி. டேங்கிள்வுட்டில் 'லா போஎம்' ஓபராவின் மூன்றாம் அங்கத்தை மட்டும் தனியாகப் பாடியதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது. 1959 அக்டோபர் 7 அன்று ரோம் நகரில் அவர் இறந்தபோது வயது 38. ஆனால் 1950களில் ஓபரா அரங்கின் படியை ஒருநாளும் மிதிக்காத பெருங்கூட்டத்துக்கு 'ஓபரா பாடகர்' என்றதும் கண்முன் வந்து நின்ற முகம் அவருடையதுதான். 'டைம்' பத்திரிகை 1951 ஆகஸ்டில் அவரை அட்டையில் போட்டது. அவர் இறந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகியும், அவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதல் வாக்கியத்திலேயே முட்டிக்கொள்கிறார்கள்: 'புகழ்பெற்ற ஓபரா டெனர்' (உச்ச ஆண்குரல் பாடகர்) என்று தொடங்குவதா, 'ஓபரா பாடகராக நடித்த திரைநடிகர்' என்று தொடங்குவதா? இரண்டு தரப்பும் எதிராளி பொய் சொல்வதாகவே நம்புகிறது. சொற்சண்டைதானே என்று தள்ளிவிட முடியாத வழக்கு இது. ஒரு கலைஞரை நியாயமாக விவரிப்பது எப்படி என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு மேற்கத்திய இசையில் அதிகம் இல்லை.

'ஓபரா டெனர்' பட்டத்தை மறுப்பவர்களின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது வெறும் மேட்டிமை என்று லான்ஸாவின் ரசிகர்கள் சொல்வது சரியில்லை. ஓபரா, ஒலிபெருக்கியை நம்பாமல் வளர்ந்த கலை. மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே பள்ளத்தில் ஒரு முழு வாத்தியக் குழு உட்கார்ந்திருக்கும். அத்தனை வயலின்களையும் கொம்புகளையும் தாண்டி ஒற்றைத் தொண்டை மேல்மாடத்தின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். அது எப்படி முடிகிறது என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த குரலியல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் அளந்து காட்டினார். வாத்தியக் குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸை ஒட்டி உச்சத்தில் இருக்கும். மேலே போகப் போகத் தணிந்துவிடும். பயிற்சி பெற்ற ஆண் ஓபரா குரலிலோ 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் தனியாக ஒரு மேடு எழும்புகிறது. வாத்தியங்கள் காலியாக விட்டுவைத்த அந்தச் சந்து வழியாகத்தான் குரல் வெளியே வருகிறது. இதோடு, இரண்டரை மூன்று மணி நேரம் குரலைப் பங்கீடு செய்து பாட வேண்டும். சக பாடகரின் மூச்சுக்குக் காத்திருக்க வேண்டும். தவறினால் திரும்பப் பாட வழியில்லை. திரைப்படத்தில் நடப்பது வேறு. ஒலிக்கூடத்தில் மைக்குக்கு முன் நின்று, திருப்தி வரும்வரை திரும்பத் திரும்பப் பாடலாம். படப்பிடிப்பு பிறகு, வாயசைத்து. நம் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆக, முதல் வகைச் சோதனைக்கு இரண்டு பாத்திரங்களில் மட்டுமே உட்பட்ட ஒருவருக்கு அந்தத் தொழிலின் பட்டத்தை எப்படிக் கொடுப்பது என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு எடை இருக்கிறது.

ரசிகர் தரப்பிடமும் சரக்கு குறைவில்லை. இத்தாலிய டெனர் ஜில்லியின் ஆசிரியராக இருந்த என்ரிகோ ரோஸாட்டியிடம் லான்ஸா 15 மாதம் பயின்றார். 1947-48இல் ஜார்ஜ் லண்டன், ஃப்ரான்ஸஸ் யெண்ட் இருவரோடும் 'பெல் கான்டோ ட்ரையோ' என்ற பெயரில் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று 86 கச்சேரிகள் செய்தார். ஜார்ஜ் லண்டன் பின்னால் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பெரும் பாடகராக உயர்ந்தவர்; பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் நிற்க விடுகிற ஆள் இல்லை. 1956இல் வெளிவந்த 'செரனேட்' படத்தில் வெர்டியின் 'ஒதெல்லோ' காட்சியை லான்ஸாவோடு பாடியவர் மெட்ரோபாலிட்டனின் லிசியா அல்பனீஸ். 1958 ஜனவரியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரியின் பதிவு இன்றும் கிடைக்கிறது. வாத்தியக் குழு இல்லை. கான்ஸ்டன்டைன் காலினிகாஸின் ஒற்றைப் பியானோ மட்டும். மேடையில் நின்று பாடியது அப்படியே பதிவானது. உடல் அதற்குள் தளர ஆரம்பித்திருந்தது, குரல் தளரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும் ஓபரா டெனர்களான ஹொசே கரேராஸும் பிளாசிடோ டொமிங்கோவும் தங்களை இந்த வழிக்குத் திருப்பியவர்களில் ஒருவராக லான்ஸாவைச் சொன்னார்கள். 1983இல் அவரைப் பற்றிய ஆவணப்படத்தில் டொமிங்கோவே வந்து பேசினார். ரசிகர்கள் கேட்பது இதுதான்: இவர்களுக்கே தெரிந்தது விமர்சகர்களுக்கு ஏன் தெரியவில்லை?

இரண்டு தரப்பின் சான்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வேடிக்கை புலப்படுகிறது. ஒன்று மற்றொன்றை மறுக்கவே இல்லை. இரண்டு பாத்திரம் என்பதும் உண்மை, குரல் அந்தத் தரத்தது என்பதும் உண்மை. பிறகு சண்டை எங்கே? 'ஓபரா டெனர்' என்ற பெயர்ச்சொல்லில். அந்தச் சொல் மூன்று வேலைகளை ஒரே சம்பளத்தில் செய்கிறது. குரல் எந்த வகை என்கிறது. ஆள் என்ன தொழில் செய்தார் என்கிறது. எந்தத் தகுதியில் வைக்க வேண்டும் என்பதையும் ஓசையில்லாமல் சொல்லிவிடுகிறது. ரசிகர் முதலாவதை வைத்து மூன்றாவதைக் கேட்கிறார். விமர்சகர் இரண்டாவதை வைத்து மூன்றாவதை மறுக்கிறார். நம் இலக்கணம் இந்த இடத்தில் கைகொடுக்கும். வினையாலணையும் பெயர் காலம் காட்டும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 'பாடியவர்' என்றால் எப்போதோ நடந்த ஒரு செயல் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது; என்ன பாடினார், எங்கே, எத்தனை தடவை என்று அடுத்த கேள்வியைக் கேட்க முடிகிறது. 'பாடகர்' என்ற சொல்லில் காலம் இல்லை. அது பூணூல் மாதிரி, மாட்டிவிட்டால் மாட்டியதுதான். ஒரு கலைஞரைப் பற்றி நியாயமாக எழுத நினைப்பவர் பாடகரை விட்டுப் பாடியவரிடம் வர வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது. ஓபராவின் தனிப்பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் கச்சேரியிலும் பாடியவர். மேடை ஓபராவில் இரண்டு பாத்திரங்களில் பாடியவர். இதை எழுதிவிட்டால் எந்தத் தரப்பும் எழுந்து மறுக்க முடியாது.

இந்த அளவுகோல் ரசிகர்களுக்கு மட்டுமே பாதகம் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு லான்ஸா மீது ஒட்டிய பெயர்கள் இன்னும் மோசம்: குடித்துத் தின்று திறமையை வீணடித்தவர், பொறுப்பில்லாதவர், தடித்துப்போனதால் ஸ்டூடியோவால் விரட்டப்பட்டவர். கடைசிக் கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 1952 கோடையில் எம்ஜிஎம் நிறுவனத்தின் 'தி ஸ்டூடன்ட் பிரின்ஸ்' படத்துக்கான பாடல்களை லான்ஸா முன்கூட்டியே பாடிப் பதிவு செய்து முடித்திருந்தார். பிறகு இயக்குநர் கர்டிஸ் பெர்ன்ஹார்ட்டோடு தகராறு. தகராறின் பொருள் உடல் எடை இல்லை. ஒரு பாட்டை எப்படிப் பாடியிருக்க வேண்டும் என்பது. விறைப்பான பிரஷ்ய இளவரசனுக்கு இவ்வளவு உணர்ச்சி ஆகாது என்று இயக்குநர் கருதினார். லான்ஸா படப்பிடிப்புக்கு வரவில்லை, நிறுவனம் வழக்குப் போட்டது, ஒப்பந்தம் முறிந்தது. அந்தச் சமயத்தில் அவர் மெலிந்தே இருந்தார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் அர்மாண்டோ செசாரி காட்டுகிறார். ஆனாலும் 'குண்டானதால் நீக்கப்பட்டார்' என்ற வாக்கியம்தான் நிலைத்தது. காரணம் எளிது. லான்ஸாவின் உடல் எடை ஏறி இறங்கியது ஊரறிந்தது. தெரிந்த உண்மையிலிருந்து தெரியாத காரணத்தை ஊகித்துக்கொள்வது சுலபம். 'பெருந்தீனிக்காரர்' என்ற பெயர்ச்சொல்லை ஒருமுறை மாட்டிவிட்டால் 1952இல் நடந்ததைத் தேடிப் பார்க்கும் வேலை மிச்சம். 1954இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தன் பழைய பதிவுகளுக்கு வாயசைத்து மாட்டிக்கொண்டதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அதை மறைப்பது நேர்மையில்லை. அடுத்த மாதமே அதே தொலைக்காட்சியில் நேரடியாகப் பாடினார் என்பதை விட்டுவிடுவதும் நேர்மையில்லை. இரண்டையும் தேதியோடு எழுதினால் 'ஏமாற்றுக்காரர்' என்ற சொல் தானாக உதிர்ந்துவிடும். எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் பெரும்பாலோருக்கு.

'வீணடித்தவர்' என்ற சொல்லும் வினையாலணையும் பெயர்தானே என்று இலக்கணம் தெரிந்த ஒருவர் மடக்கலாம். சரிதான். ஆனால் அந்தச் சொல், நடக்காத ஒன்றை நடந்ததுபோல எண்ணி அதிலிருந்து கழிக்கிறது. மெட்ரோபாலிட்டனில் இருபது வருடம் பாடியிருக்க வேண்டிய ஒரு கற்பனை லான்ஸாவை வைத்து, இருந்த லான்ஸாவுக்கு மதிப்பெண் போடுகிறது. ரசிகர்கள் செய்வதும் இதே காரியத்தின் மறுபக்கம்: இன்ன ஓபரா நிறுவனம் அழைத்தது, இன்னும் ஒரு வருடம் உயிரோடு இருந்திருந்தால் இன்ன பாத்திரம் பாடியிருப்பார் என்று பட்டியல் போடுகிறார்கள். அழைப்பு கச்சேரி ஆகாது. இசை நடத்துநர் டாஸ்கனினி இவரை வானளாவப் புகழ்ந்ததாக ஒரு வாக்கியமும் எங்கே, எப்போது, யாரிடம் என்ற மூன்றும் இல்லாமலே இசைத்தட்டின் உறையிலிருந்து இசைத்தட்டின் உறைக்குத் தாவிக்கொண்டிருக்கிறது.

லான்ஸாவின் புகழே இன்னொரு டெனரைப் பற்றிய அநியாயமான விவரிப்பின் மீது எழுந்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1951இல் வந்த 'தி கிரேட் கரூசோ' படத்தில் என்ரிகோ கரூசோ மேடையிலேயே, 'மார்த்தா' ஓபராவைப் பாடிக்கொண்டே சாகிறார். உண்மையில் அவர் மெட்ரோபாலிட்டனில் கடைசியாகப் பாடியது 1920 டிசம்பர் 24 அன்று, 'லா ஜுவீவ்' ஓபராவில். இறந்தது அடுத்த ஆண்டு ஆகஸ்டில், நேப்பிள்ஸில், நுரையீரல் உறை அழற்சியோடு மாதக்கணக்கில் போராடி. அவருடைய பிள்ளைகளைப் பெற்ற பாடகி அடா ஜியாக்கெட்டி படத்தில் இல்லவே இல்லை. இந்தப் படத்துக்குப் பிறகு லான்ஸாவுக்கு 'அமெரிக்கக் கரூசோ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கரூசோ மெட்ரோபாலிட்டனில் மட்டும் 800 தடவைக்கு மேல் மேடையேறியவர். இரண்டு பேரையும் ஒரே பட்டத்தால் கட்டியதில் இருவருக்கும் நட்டம். கரூசோ ஒரு மெலோடிராமா நாயகனாகச் சுருங்கினார். லான்ஸா எட்டவே முடியாத ஓர் எண்ணிக்கையோடு ஒப்பிடப்பட்டுத் தோற்றார். ஆனால் அந்தப் படம்தான் சிறுவன் கரேராஸைப் பாட வைத்தது. பொய்யான விவரிப்பும் நல்ல காரியம் செய்துவிடுவதுண்டு. அதற்காக அது மெய்யாகிவிடாது.

நம் வாதத்துக்கு எதிராக இரண்டு விஷயங்கள் சொல்லப்படலாம். ஒன்று இடம். இரங்கல் குறிப்புக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் ஒரு வரிதான் கிடைக்கும், அங்கே பெயர்ச்சொல் இல்லாமல் எப்படி? மேலே நாம் எழுதிக் காட்டிய வரியைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். 'மாபெரும் ஓபரா டெனர்களில் ஒருவர் என்று பலராலும் கருதப்படுபவர்' என்ற வழக்கமான வழவழப்பைவிட அது அப்படியொன்றும் நீளம் இல்லை. 'பலராலும்' என்ற இடத்தில் யார் என்று கேட்டால் அந்த வழவழப்பு இன்னும் நீளும். இரண்டாவது மறுப்பு கனமானது. இப்படி எண்ணி, தேதி போட்டு, வினைகளாக அடுக்கினால் மிஞ்சுவது கணக்குப்பிள்ளையின் பேரேடு. விமர்சனம் என்பது தீர்ப்புச் சொல்வது, அதிலிருந்து நழுவும் தந்திரம் இது என்பது. தீர்ப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தீர்ப்பு முதல் சொல்லிலேயே ஒளிந்துகொண்டு வரக்கூடாது என்கிறோம். நம் தீர்ப்பையே சொல்லிவிடுகிறோம்: 1949 மே மாதம் லான்ஸா பதிவு செய்த 'லா போஎம்' தனிப்பாடலில் மேல் சுரத்துக்கு ஏறும் இடத்தில் கேட்கிற திறந்த, வெயில்பட்ட ஒலி அபூர்வமானது. பிற்காலப் பதிவுகள் பலவற்றில் அவர் விம்முகிறார், அழுத்துகிறார், அடக்கிப் பாட வேண்டிய சொல்லை உடைக்கிறார். இதோடு வாசகர் உடன்படலாம், மறுக்கலாம். இரண்டுக்கும் பதிவுகள் இருக்கின்றன, போட்டுக் கேட்கலாம். 'ஓபரா டெனரே இல்லை' என்பதை எதைப் போட்டுக் கேட்டுச் சரிபார்ப்பது?

'தி ஸ்டூடன்ட் பிரின்ஸ்' கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. வழக்கு சமரசமானபோது அந்தப் பாட்டுப் பதிவுகளைப் பயன்படுத்தும் உரிமை எம்ஜிஎம்முக்குக் கிடைத்தது. வேறொரு இயக்குநர் வந்தார். எட்மண்ட் பர்டம் என்ற ஆங்கில நடிகர் இளவரசனாகி, லான்ஸாவின் குரலுக்கு வாயசைத்தார். படம் 1954இல் வெளியானது. விளம்பரத் தாளில் நடிகர்களின் பெயர்களை அச்சிட்டுவிட்டு, தான் வெளியேற்றிய ஆளைப் பற்றி அந்த நிறுவனம் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. ஓபரா என்றோ, டெனர் என்றோ, மாபெரும் என்றோ அதில் இல்லை. மரியோ லான்ஸாவின் பாடும் குரல் என்று மட்டும் இருந்தது.