குலதெய்வத்துக்கும் அக்கவுண்ட்ஸ் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

"சொந்த ஊர் எது?"

"சிவகங்கை பக்கம் சார்."

"பக்கம்னா எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தத் தெரு? குலதெய்வம் எது?"

காரைக்குடியில் ஒரு தனியார் அலுவலகத்துக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்கான நேர்காணலுக்குப் போன பி.காம். பட்டதாரித் தங்கையிடம் கேட்ட கேள்விகள் இவை. டேலி பற்றியோ ஜி.எஸ்.டி. பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள், இன்றுவரை அனுப்பவில்லை. அவள் என்னிடம் வந்து கேட்டாள்: "அக்கா, நான் சரியாப் பேசலையோ?"

தோழர்களே, எனக்குக் கோபம் வந்தது அந்தக் கேள்வியில்தான். கேட்கக்கூடாததைக் கேட்டவர் நிம்மதியாகத் தூங்குகிறார். பதில் சொன்னவள் தன் நாக்கைக் குறை சொல்கிறாள்.

ஆளுமைப் பயிற்சி வகுப்புகள் நம்மை இப்படித்தான் பழக்குகின்றன. நிமிர்ந்து உட்கார், கண்ணைப் பார்த்துப் பேசு, புன்னகை செய் என்கிறார்கள். நானும் மாலை வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறேன், தேவைதான். ஆனால் வேலை கிடைக்காததற்கு உன் நடத்தைதான் காரணம் என்பது பொய்.

சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. யாரும் இன்னும் வாய் திறக்கவே இல்லை; கை குலுக்கவும் இல்லை. இதில் எங்கே வந்தது 'கம்யூனிகேஷன்'?

அதே ஆண்டில் வெளியான ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் 25 மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டார்கள். 'தகுதி மட்டுமே' என்று சொன்ன அதே வாய்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொல்லின.

வடக்கே பின்பெயர் சாதியைக் காட்டிவிடும். நம்மிடம் இருப்பது இனிஷியல். அதனால்தான் இங்கே ஊர், தெரு, குலதெய்வம் என்று துருவுகிறார்கள்.

சரி, அந்த நாற்காலியில் என்ன செய்வது?

பொய் சொல்லாதீர்கள், முழு ஜாதகத்தையும் ஒப்பிக்கவும் வேண்டாம். "அப்பா என்ன செய்றார்?" என்றால் குரலைத் தாழ்த்தாமல், "விவசாயக் கூலி சார். எங்க வீட்டுல முதல் பட்டதாரி நான். கல்லூரியில ஜி.எஸ்.டி. கணக்கு போட்டுப் பழகியிருக்கேன், அதைச் சொல்லட்டுமா?" என்று பேச்சை வேலைக்குத் திருப்புங்கள். குலதெய்வம் வரை போனால், "இந்த வேலைக்கு அது எப்படித் தேவைப்படுதுன்னு தெரிஞ்சுக்கலாமா சார்?" என்று பணிவாகக் கேளுங்கள். வேலை அவசரத் தேவை என்றால், பதில் சொல்லிவிட்டு வாருங்கள். அதில் கோழைத்தனம் ஏதுமில்லை. வெளியே வந்ததும் தேதியையும் கேட்ட கேள்விகளையும் எழுதி வையுங்கள். பத்துப் பேர் எழுதினால் அது புலம்பல் இல்லை, ஆவணம்.

நேர்காணலில் விருப்பு வெறுப்பு நுழையும் என்பது அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் தெரியும். வாய்மொழித் தேர்வுக்கு 15 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று 1980இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கல்லூரிச் சேர்க்கை வழக்கு. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு நேர்காணலே இல்லை. தனியார் துறையில்தான் இடஒதுக்கீடும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

ஆகவே நம் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளிடம் கேட்போம்: வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனம் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கட்டும், மதிப்பெண்ணை எழுத்தில் தரட்டும், சாதியைத் துருவினால் அடுத்த ஆண்டு உள்ளே விடாதீர்கள்.

நேர்காணலில் எப்படி நடந்துகொள்வது என்ற பாடம் மேசைக்கு இந்தப் பக்கம் போதுமான அளவு நடந்துவிட்டது. இனி அந்தப் பக்கம் நடக்கட்டும்.